துப்பாக்கியும் அரசின் மீதான ஐயமும்: அமெரிக்கா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ அங்காடியிலோ துப்பாக்கிச்சூடு நடந்ததாகச் செய்தி வந்தால், ஊரிலிருந்து அழைக்கும் உறவினர்களும் இங்கே புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பத்தினரும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். "இவ்வளவு நடந்தும் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்?" என்று தொடங்கும் பேச்சு, இந்த மக்கள் தங்கள் அரசாங்கத்தை ஏன் இப்படிச் சந்தேகிக்கிறார்கள் என்பதில் வந்து நிற்கும். அக்கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால், இதைச் சட்ட ஆலோசனையாக எவரும் கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் கடைக்குப் போய் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வாங்கிவிடலாமாமே, உண்மையா?

உண்மை இல்லை. உரிமம் பெற்ற கடையில் வாங்குபவர் 4473 என்ற எண்ணுள்ள மத்திய அரசுப் படிவத்தை நிரப்பி, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அந்த விவரங்கள் 1998 முதல் எஃப்.பி.ஐ. நடத்திவரும் பின்னணிச் சரிபார்ப்பு அமைப்புக்குச் செல்லும். ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள், குடும்ப வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள், கட்டாய ஆணையின்பேரில் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் போன்றோருக்கு விற்பது குற்றமாகும்.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் இடைவெளிகள் உண்டு. தனி ஆள் ஒருவர் இன்னொருவருக்கு விற்கும்போது பல மாநிலங்களில் எந்தச் சரிபார்ப்பும் தேவையில்லை. கடையிலேயே வாங்கினாலும், மூன்று வேலைநாள்களுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிட மத்திய சட்டம் இடம் கொடுக்கிறது. 2015-இல் சார்ல்ஸ்டன் நகரின் கறுப்பினத் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கையில் துப்பாக்கி வந்தது இந்த வழியில்தான். 2018-இல் வெளியான ஒரு மதிப்பீடு, அமெரிக்கப் பொதுமக்களிடம் ஏறத்தாழ 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாகக் கூறியது. அது நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகம். ஆனால் வயதுவந்தோரில் தம்மிடம் துப்பாக்கி உண்டு என்று சொல்பவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே.

நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம். பாதுகாப்புக்காக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பொதுவாகக் கூடாது. குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் தடை செய்கிறது. மாநில வேட்டை உரிமம் பெற்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தவறினால் சிறையோடு நாடு கடத்தப்படும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும் என்பதால், நண்பர் சொன்னார் என்று முடிவெடுக்காமல் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள்.

எதற்கெடுத்தாலும் இரண்டாவது திருத்தம் என்கிறார்களே, அதில் என்னதான் எழுதியிருக்கிறது?

1791 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பத்துத் திருத்தங்களில் இரண்டாவது அது. ஆங்கில மூலத்தில் 27 சொற்களே உள்ள ஒரே வாக்கியம். சுதந்திரமான அரசு ஒன்றின் பாதுகாப்புக்கு நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட குடிமக்கள் படை அவசியமாக இருப்பதால், ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்பது அதன் பொருள்.

வாக்கியத்தின் முதல் பாதி படையைப் பற்றியது. இரண்டாம் பாதி மக்களின் உரிமையைப் பற்றியது. முதல் பாதி இரண்டாம் பாதிக்கு எல்லை வகுக்கிறதா, வெறும் காரணம் சொல்கிறதா என்பதில் நீண்ட காலமாக வாதம் நடக்கிறது. நீதிமன்றம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைப் பின்னர் வரும் ஒரு கேள்வியில் பார்க்கலாம்.

தாங்களே உருவாக்கும் அரசாங்கத்தைத் தாங்களே சந்தேகப்பட்டா எழுதினார்கள்?

ஆம், அந்தச் சந்தேகத்துக்கு அவர்கள் பட்ட அனுபவம் காரணமாக இருந்தது. 1768 முதல் பாஸ்டன் நகரத் தெருக்களில் பிரிட்டிஷ் படை நிறுத்தப்பட்டிருந்தது. 1770-இல் அப்படை சுட்டதில் ஐந்து பேர் இறந்தனர். 1775 ஏப்ரல் 18 இரவு, கான்கார்டு என்ற ஊரில் குடியேற்றவாசிகள் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்தையும் ஆயுதங்களையும் கைப்பற்றுவதற்காக ஆளுநர் தாமஸ் கேஜ் ஏறத்தாழ 700 சிப்பாய்களை அனுப்பினார். மறுநாள் காலை வழியிலுள்ள லெக்சிங்டனில் சண்டை மூண்டது. விடுதலைப் போரின் முதல் மோதலே ஆயுதப் பறிமுதலைத் தடுக்க நடந்த மோதல் என்பது அமெரிக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. துப்பாக்கிகளை ஒப்படைப்பவர்கள் பாஸ்டனை விட்டு வெளியேறலாம் என்று கேஜ் வாக்களித்தார். மக்கள் நம்பி ஒப்படைத்தனர். ஆனால் வெளியேறுவதற்குத் தடைகள் வந்தன. அந்த ஆண்டு ஜூலையில் குடியேற்ற மாநிலங்களின் பேரவை, போருக்கான தன் காரணங்களை வெளியிட்டபோது இந்த வாக்குமீறலையும் ஒரு குற்றச்சாட்டாகச் சேர்த்தது.

ஆகவே 1787-இல் புதிய அரசமைப்பு மத்திய அரசுக்கு நிரந்தரப் படை வைத்துக்கொள்ளும் அதிகாரத்தைத் தந்தபோது பலர் அஞ்சினர். அந்த அச்சத்துக்குப் பதில் சொன்னவர் ஜேம்ஸ் மேடிசன். 1788 ஜனவரியில் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் கணக்குப் போட்டே காட்டினார்: மத்திய அரசு அதிகபட்சமாக 25,000 முதல் 30,000 வீரர்களைத்தான் திரட்ட முடியும், மாநிலங்களின் குடிமக்கள் படையில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் ஆயுதத்துடன் எதிரே நிற்பார்கள். இந்தக் கணக்கில் எதிர்த்து நிற்பது தனிமனிதனன்று. மாநில அரசின் அதிகாரிகளின்கீழ் அணிவகுத்த மக்கள் என்பதை இன்றைய வாதங்களில் இரு தரப்பும் அடிக்கடி விட்டுவிடுகின்றன.

அப்படியானால் அரசாங்கம் பிடிக்கவில்லை என்றால் சுடலாம் என்று சட்டமே சொல்கிறதா?

இல்லை. அதே அரசமைப்பு, கிளர்ச்சிகளை அடக்கக் குடிமக்கள் படையை அழைக்கும் அதிகாரத்தை மத்திய சட்டமன்றமான காங்கிரஸுக்குத் தருகிறது. நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பதைத் தேசத்துரோகம் என்கிறது. எழுதியவர்கள் உயிரோடு இருந்த காலத்திலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டது. சாராய வரியை எதிர்த்து மேற்குப் பென்சில்வேனிய விவசாயிகள் 1794-இல் ஆயுதம் ஏந்தியபோது, குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட குடிமக்கள் படையுடன் தாமே புறப்பட்டார். கிளர்ச்சி கலைந்தது; துரோகக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற இருவருக்கும் அவர் மன்னிப்பு வழங்கினார்.

என் கருத்தில், கொடுங்கோலனுக்கு எதிரான கடைசித் துணை என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது உண்மை. ஆனால் எவன் கொடுங்கோலன் என்பதைத் தனி ஒருவன் தீர்மானித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் ஒருபோதும் ஏற்கவில்லை.

இந்தச் சந்தேகம் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உள்ளதா?

இல்லை. மத்திய அரசு பெரும்பாலும் சரியானதையே செய்யும் என்று நம்புவதாக 1958-இல் அமெரிக்கர்களில் 73 விழுக்காட்டினர் சொன்னார்கள். வியட்நாம் போரும் வாட்டர்கேட் ஊழலும் அந்த நம்பிக்கையை உடைத்தன. 2023-இல் அது 16 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. இவ்வளவு பேர் ஐயப்பட்டாலும், அவர்களில் பலர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. மறுபுறம், 2023-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்போரில் 72 விழுக்காட்டினர் தற்காப்பையே முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அரசை எதிர்ப்பதற்காகவே வாங்கினேன் என்பவர்கள் உண்டு. ஆனால் தெருவில் நீங்கள் சந்திக்கும் சராசரி உரிமையாளர் அவரல்லர்.

வண்டிக்கு ஆர்.சி. புத்தகம் இருப்பதுபோலத் துப்பாக்கிக்கும் ஒரு பதிவேடு வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இந்தக் கேள்வியில்தான் ஐயம் சட்டமாக மாறுவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். யாரிடம் என்ன துப்பாக்கி இருக்கிறது என்ற பட்டியல் அரசிடம் இருந்தால், நாளை ஒரு நாள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து பறிப்பார்கள் என்பது எதிர்ப்பாளர்களின் அச்சம். எனவே 1986-இல் இயற்றப்பட்ட சட்டம், மத்திய அரசு அப்படி ஒரு பதிவேட்டை உருவாக்குவதையே தடை செய்தது. முதல் கேள்வியில் சொன்ன பின்னணிச் சரிபார்ப்பில் ஒருவர் தேறிவிட்டால், அவரைப் பற்றிய அடையாள விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். நிரப்பிய படிவம் அரசிடம் போகாது. கடைக்காரரின் அலமாரியில் இருக்கும்.

குற்றம் நடந்த இடத்தில் துப்பாக்கி ஒன்று கிடைத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மார்ட்டின்ஸ்பர்க் நகரில் தடமறியும் மையம் ஒன்று உள்ளது. அங்குள்ள ஊழியர் வரிசை எண்ணை வைத்துத் தயாரித்த நிறுவனத்தை அழைப்பார். நிறுவனம் மொத்த வியாபாரியைச் சொல்லும். அவர் சில்லறைக் கடையைச் சொல்வார். கடைக்காரர் படிவங்களைப் புரட்டி முதலில் வாங்கியவரின் பெயரைச் சொல்வார். கடை மூடப்பட்டிருந்தால் அதன் பழைய படிவங்கள் பெட்டி பெட்டியாக இந்த மையத்துக்கு வந்திருக்கும். அவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள், ஆனால் வாங்கியவரின் பெயரை இட்டுத் தேட முடியாதபடிதான் ஏற்ற முடியும். ஊழியர் ஒவ்வொரு பக்கமாகக் கண்ணால் பார்த்துத் தேடுகிறார். தொழில்நுட்பத்துக்குப் பெயர்போன நாட்டில் இது நடப்பதைக் கேட்பவர்கள் திறமைக்குறைவு என்று எண்ணுகிறார்கள். அரசின் கை தாமதமாகவே நீள வேண்டும் என்று வேண்டுமென்றே எழுதப்பட்ட சட்டத்தின் விளைவு இது.

இந்த அச்சம் முழுக்கக் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. 2005-இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது, சட்டப்படி வைத்திருந்தவர்களிடமிருந்தும் காவல்துறை துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்தது. காவலர் வரவே முடியாத வெள்ளத்தில் தற்காப்புக்கு இருந்ததும் போயிற்று என்று மக்கள் வழக்குத் தொடுத்தனர். பேரிடர்க் காலத்தில் அவ்வாறு பறிப்பதை அடுத்த ஆண்டே காங்கிரஸ் தடை செய்தது.

ரூபி ரிட்ஜ், வேக்கோ என்று அடிக்கடி சொல்கிறார்களே, அங்கே என்ன நடந்தது?

ஐடஹோ மாநில மலைப்பகுதியில் ராண்டி வீவர் என்பவர் குடும்பத்துடன் ஒதுங்கி வாழ்ந்தார். குழாய் வெட்டிக் குறுக்கப்பட்ட இரண்டு வேட்டைத் துப்பாக்கிகளை அரசின் உளவாளி ஒருவருக்கு விற்றார் என்பது அவர் மீதான வழக்கு. நீதிமன்றத்துக்கு வரவேண்டிய நாளைத் தெரிவித்த கடிதத்தில் தேதி தவறாக இருந்தது, அவரும் வரவில்லை. 1992 ஆகஸ்டில் மத்திய நீதிமன்றங்களின் காவலர்களான மார்ஷல்கள் அவர் நிலத்துக்குள் நுழைந்தபோது மூண்ட சண்டையில் ஒரு மார்ஷலும் வீவரின் 14 வயது மகனும் இறந்தனர். மறுநாள், கைக்குழந்தையை ஏந்தியபடி கதவுக்குப் பின்னால் நின்ற அவருடைய மனைவியை எஃப்.பி.ஐ. குறிபார்த்துச் சுடுநரின் தோட்டா கொன்றது. ஆயுதத்துடன் வெளியே தெரியும் ஆண்களைச் சுடலாம், சுட வேண்டும் என்ற பொருளில் அன்று தரப்பட்டிருந்த உத்தரவு அரசமைப்புக்கு முரணானது என்று பின்னர் முடிவாயிற்று. வீவரை நடுவர் குழு கொலை உள்ளிட்ட பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்தது. 1995-இல் அரசு அக்குடும்பத்துக்கு 31 லட்சம் டாலர் கொடுத்தது.

டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோ நகருக்கு வெளியே, பிராஞ்ச் டேவிடியன் என்ற கிறித்தவக் கிளைப் பிரிவைச் சேர்ந்த குழுவினர் சட்டவிரோதமாக இயந்திரத் துப்பாக்கிகள் வைத்திருப்பதாகக் கூறி 1993 பிப்ரவரி 28 அன்று மத்திய அதிகாரிகள் சோதனைக்குச் சென்றனர். அதிகாரிகள் நால்வரும் குழுவினர் சிலரும் சுடப்பட்டு இறந்தனர். 51 நாள் முற்றுகைக்குப் பின் ஏப்ரல் 19 அன்று கண்ணீர்ப்புகை செலுத்தப்பட்டபோது கட்டடம் தீப்பற்றி, குழந்தைகள் உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீயை அரசு வைக்கவில்லை என்று 2000-இல் தனி விசாரணை முடிவு சொன்னது. ஆனால் தீப்பொறி உண்டாக்கக்கூடிய குண்டுகள் அன்று காலை பயன்படுத்தப்பட்டதை ஆறு ஆண்டுகள் வெளியே சொல்லாமல் இருந்தது எஃப்.பி.ஐ.தான். உண்மையை மறைத்தவர்களை நம்புங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இதே கோபம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் மறைக்கக் கூடாது. வேக்கோ எரிந்து சரியாக இரண்டாண்டு கழித்து, 1995 ஏப்ரல் 19 அன்று, முன்னாள் சிப்பாய் டிமோதி மெக்வே அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லி ஓக்லஹோமா நகரத்தின் அரசு அலுவலகக் கட்டடத்தைக் குண்டுவைத்துத் தகர்த்தான். 168 பேர் இறந்தனர். அவர்களில் 19 பேர் குழந்தைகள். அவன் கையாண்டது துப்பாக்கியன்று, லாரி நிறைய வெடிமருந்து.

கூப்பிட்டால் போலீஸ் வந்துவிடுமே, வீட்டில் எதற்குத் துப்பாக்கி?

அரசு அத்துமீறி வரும் என்ற பயத்தைப் பற்றி இதுவரை பேசினோம். அரசு வராமலே போகும் என்ற பயமும் அதற்கு நிகரானது. 1999-இல் கொலராடோ மாநிலத்தின் காஸில் ராக் என்ற ஊரில், நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்திருந்த கணவன் மூன்று மகள்களையும் கொண்டுபோய்விட்டான். தாய் அன்று மாலையிலிருந்து காவல்துறையைத் திரும்பத் திரும்ப அழைத்தார்; நேரிலும் போனார். பொறுத்திருந்து பார்க்கச் சொன்னார்கள். மூன்று குழந்தைகளும் கொல்லப்பட்டனர். அந்தத் தாய் தொடுத்த வழக்கில், தடையாணையைக் காவல்துறை செயல்படுத்தியே ஆக வேண்டும் என்று கேட்க அரசமைப்பின்படி அவருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் 7–2 எனத் தீர்ப்பளித்தது.

இந்தத் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, "பிறகு நான் யாரை நம்புவது?" என்று கேட்பவரிடம் விளையாட்டாகப் பதில் சொல்ல முடியாது. நாட்டுப்புறத்தில் அடுத்த காவல் வண்டி ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கக்கூடும். அதே வேளையில், அந்தத் தந்தையால் அன்று மாலையே ஒரு கைத்துப்பாக்கியை வாங்க முடிந்திருந்தது என்பதும் அதே வழக்கின் செய்திதான்.

இது வெள்ளைக்காரர்களின் விவகாரம்தானே? கறுப்பின மக்களுக்கு இதில் என்ன?

அரசை நம்பாமல் இருக்க மிக வலுவான காரணம் உடையவர்கள் அவர்கள்தாம். 1792-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடிமக்கள் படையில் சேர வேண்டியவர்கள் 18 முதல் 45 வயது வரையிலான வெள்ளையின ஆண்கள். தெற்கே அந்தப் படைக்கு முக்கிய வேலை அடிமைகளைக் கண்காணிப்பது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1865-இல் மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதித்தது. 1873-இல் லூயிசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில், தேர்தல் முடிவைக் காக்க நீதிமன்றக் கட்டடத்தில் திரண்டிருந்த கறுப்பினத்தவர்களை வெள்ளையர் கும்பல் கொன்று குவித்தது, சரணடைந்தவர்களையும் விடவில்லை. 1876-இல் உச்ச நீதிமன்றம், இரண்டாவது திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று கூறிக் கொலைகாரர்களின் தண்டனையை நீக்கிவிட்டது.

மெம்பிஸ் நகரில் நண்பர்கள் மூவரைக் கும்பலிடம் பறிகொடுத்த இதழாளர் ஐடா பி. வெல்ஸ், சட்டம் தர மறுக்கும் பாதுகாப்பைப் பெற ஒவ்வொரு கறுப்பின வீட்டிலும் வின்செஸ்டர் ரைபிளுக்கு ஒரு மதிப்பான இடம் இருக்க வேண்டும் என்று 1892-இல் எழுதினார். அகிம்சையின் முகமாக நாம் அறிந்த மார்ட்டின் லூதர் கிங்கும், வீட்டில் குண்டு வீசப்பட்ட 1956-இல் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். 1967-இல் கலிபோர்னியாவில் கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியினர், போலீஸாரைக் கண்காணிக்க, சட்டம் அனுமதித்தபடியே துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தி நடந்தனர். உடனே அதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். துப்பாக்கி உரிமைக்காக இன்று வாதாடும் தேசிய ரைபிள் சங்கமும் அதை ஆதரித்தது. மிக அண்மையில், 2016-இல் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டீல் என்பவர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதைக் காவலரிடம் மரியாதையாக முன்கூட்டியே தெரிவித்தார், உரிமமும் வைத்திருந்தார், ஆயினும் காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காவலரை நடுவர் குழு விடுவித்தது. ஓர் உரிமை எல்லாருக்கும் உரியதா என்று அறிய இந்த வரலாற்றைப் படித்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

யூதர்களிடம் துப்பாக்கி இருந்திருந்தால் ஹிட்லரின் கொலைகள் நடந்திருக்காது என்கிறார்களே?

இதில் பாதி உண்மை. 1928-ஆம் ஆண்டு ஜெர்மானியச் சட்டம் உரிமமுறையைக் கொண்டுவந்தது. நாஜிகள் 1938-இல் அதைப் பெரும்பாலான ஜெர்மானியர்களுக்குத் தளர்த்தினர். அதே ஆண்டு நவம்பரில், யூத வீடுகளும் வழிபாட்டிடங்களும் சூறையாடப்பட்ட இரவுக்குப் பின், யூதர்கள் எந்த ஆயுதமும் வைத்திருக்கத் தடை வந்தது. முந்தைய குடியரசு சேர்த்து வைத்த பதிவுகள் பறிமுதலுக்கு உதவின என்பதும் உண்மை. பதிவேட்டைப் பற்றிய அமெரிக்க அச்சத்துக்கு இது ஒரு வேர்.

ஆனால் ஜெர்மனியின் யூதர்கள் மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவர்கள். பிரெஞ்சு, போலந்துப் படைகளையே சில வாரங்களில் வீழ்த்திய இராணுவத்தை அவர்கள் தடுத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதன்று. 1943-இல் வார்சா யூதக் குடியிருப்பினர் சில துப்பாக்கிகளுடன் ஏறத்தாழ நான்கு வாரம் போரிட்டனர். அந்த வீரம் மறுக்க முடியாதது; அழிவும் அப்படித்தான்.

காந்தியே ஆயுதச் சட்டத்தைக் கண்டித்தார் என்று அமெரிக்க நண்பர் ஒருவர் சொல்கிறார். இது சரியா?

சரிதான், ஆனால் எப்போது சொன்னார் என்று பார்க்க வேண்டும். 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. 1918-இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிரிட்டிஷ் படைக்கு ஆள்சேர்க்க முனைந்தபோது வெளியிட்ட துண்டறிக்கையில், பிரிட்டிஷார் செய்த தீமைகளிலேயே ஒரு நாடு முழுவதையும் நிராயுதபாணியாக்கிய சட்டத்தை மிகக் கொடியதாக வரலாறு கருதும் என்று காந்தி எழுதினார். படையில் சேர்ந்து ஆயுதப் பயிற்சி பெறுங்கள் என்பதற்காகச் சொல்லப்பட்டது அது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்பது அவர் கேட்டதன்று.

அதைவிடக் கவனிக்க வேண்டியது பின்னால் நடந்தது. 1931-இல் கராச்சி காங்கிரஸ் தீர்மானம், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. ஆட்சி நம் கைக்கு வந்த பிறகு, 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதை அரசமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது, அம்பேத்கர் எதிர்த்தார், அவை நிராகரித்தது. அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுந்த இரு நாடுகளும் இந்த ஒரு கேள்விக்கு நேரெதிர் விடை கண்டன. பிரிவினைக் கலவரத்தின் குருதி காயாத அவையிலிருந்து வேறு விடை வந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இராணுவத்திடம் டாங்கியும் டிரோனும் இருக்கும்போது ஒரு ரைபிளை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்?

நேருக்கு நேர் போர் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. மேடிசனின் கணக்கு இன்று செல்லாது. ஆனால் ஆதரவாளர்கள் சொல்வது வேறு: ஆயுதமுள்ள மக்களை அடக்க அரசு மிகுந்த விலை கொடுக்க வேண்டியிருக்கும், அந்த விலையே அதைத் தயங்க வைக்கும் என்கிறார்கள். அவர்கள் காட்டும் சான்று டென்னசி மாநிலத்தின் ஏதென்ஸ் நகரம். 1946 ஆகஸ்ட் 1 அன்று, உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரிஃபின் ஆட்கள் வாக்குப்பெட்டிகளைச் சிறைக்கூடத்துக்குத் தூக்கிச் சென்று பூட்டிக்கொண்டனர். மத்திய அரசிடம் முறையிட்டுப் பயன் காணாத முன்னாள் போர்வீரர்கள், படைக்கலக் கொட்டிலிலிருந்து ரைபிள்களை எடுத்து வந்து இரவு முழுவதும் சுட்டு, டைனமைட் வைத்து, பெட்டிகளை மீட்டனர். எண்ணிப் பார்த்ததில் அவர்களின் வேட்பாளரே வென்றிருந்தார்.

நெவாடாவில் 2014-இல் நடந்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரசு நிலத்தில் மாடு மேய்த்த கட்டணம் பத்து லட்சம் டாலருக்கு மேல் பாக்கி வைத்திருந்த ஒரு பண்ணையாரின் மாடுகளைப் பிடித்த அதிகாரிகள், ரைபிளேந்திய ஆதரவாளர்கள் சூழ்ந்ததும் மாடுகளை விட்டுவிட்டுப் பின்வாங்கினர். ஏதென்ஸில் துப்பாக்கி காத்தது ஊரார் அனைவரின் வாக்கு. நெவாடாவில் காத்தது ஒரு மனிதரின் பாக்கி. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. பின்னர் அந்தப் பண்ணையார் மீதான வழக்கை 2018-இல் நீதிபதி தள்ளுபடி செய்ததற்குக் காரணமும் ரைபிளன்று. அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் ஆவணங்களை மறைத்ததே காரணம். ரூபி ரிட்ஜிலும் அரசைத் தலைகுனிய வைத்தவர்கள் நடுவர் குழுவினர்தாம்.

சரி, கடைசியில் உச்ச நீதிமன்றம் என்னதான் சொல்லியிருக்கிறது?

2008-இல் ஹெல்லர் வழக்கில் 5–4 என்ற கணக்கில், படையில் சேராத தனிமனிதருக்கும் வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை உண்டு என்றது. குற்றவாளிகளுக்கும் பள்ளி போன்ற இடங்களுக்கும் உள்ள தடைகளை அது ஐயத்துக்கு உள்ளாக்கவில்லை. 2010-இல் இந்த உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று ஆனது. 2022-இல் புரூயன் வழக்கில், வெளியே கொண்டுசெல்லும் உரிமையும் உண்டு, கட்டுப்பாடுகள் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்திருக்க வேண்டும் என்றது. 2024-இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைத் தடையாணைக்கு உட்பட்டவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கலாம் என்று 8–1 எனத் தீர்ப்பளித்தது.

அரசுக்குப் பயந்து வைத்திருக்கும் துப்பாக்கியால் உண்மையில் சாவது யார்?

2022-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000-க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 27,000 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். செய்தியில் வரும் கூட்டக்கொலைகள் இந்த எண்ணிக்கையில் சிறு பகுதியே. பொல்லாத ஒரு மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால், மனம் மாறுவதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

ஆபத்தான நிலையில் உள்ளவரிடமிருந்து நீதிபதியின் ஆணையோடு தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுத்துவைக்கும் சட்டத்தை 1999-இல் கனெக்டிகட் முதன்முதலாகக் கொண்டுவந்தது. பார்க்லாண்டு பள்ளிப் படுகொலைக்குப் பின் 2018-இல் புளோரிடாவும், இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களும் அதைப் பின்பற்றுகின்றன. குற்றமே செய்யாதவரின் உடைமையை அரசு எடுக்கிறது என்பதால், முன்சொன்ன ஐயம் இங்கேயும் குறுக்கே வருகிறது. நான் இச்சட்டங்களை ஆதரிக்கிறேன். ஆனால் தம் தரப்பைச் சொல்ல அவருக்கு விரைவில் விசாரணை கிடைக்க வேண்டும், திருப்பித் தரும் நாள் ஆணையிலேயே எழுதப்பட வேண்டும் என்று கேட்பவர்களின் கோரிக்கை நியாயமானது. வீட்டில் மனச்சோர்வுற்றவர் இருந்தால் சட்டத்துக்குக் காத்திராமல் துப்பாக்கியை உறவினரிடம் கொடுத்துவைப்பது பற்றி உங்கள் மாநில விதியை இன்றே விசாரித்துக்கொள்ளுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-இல் எந்நேரமும் பேசலாம்.

அரசை நம்பவில்லை என்கிறவர்களே ஷெரிஃபைக் கொண்டாடுகிறார்களே, அது எப்படி?

அவர்கள் ஐயப்படுவது தொலைவில் உள்ள அரசை. ஷெரிஃப் உள்ளூர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர். கடைவீதியில் நிறுத்திக் கேள்வி கேட்க முடியும். பின்னணிச் சரிபார்ப்பை உள்ளூர் அதிகாரிகள் தலையில் மத்திய அரசு சுமத்தியபோது, மொண்டானா, அரிசோனா மாநிலங்களின் இரண்டு ஷெரிஃப்கள் வழக்குத் தொடுத்து 1997-இல் வென்றனர். ஆனால் கோல்ஃபாக்ஸிலும் ஏதென்ஸிலும் மக்களை வதைத்தவர்கள் உள்ளூர் ஆட்களே என்பதை அவர்களிடம் நினைவூட்டியாக வேண்டும்.

அவர்களுக்குப் பிடித்த கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டால் இந்தச் சந்தேகம் அடங்கிவிடுமா?

விற்பனையில் அடங்கும். சட்டம் கடுமையாகும் என்ற பேச்சு எழும்போது கடைகளில் கூட்டம் கூடும். டிரம்ப் 2016-இல் வென்ற பின் விற்பனை சரிந்து, 2018-இல் பழம்பெரும் ரெமிங்டன் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. பெருந்தொற்றும் கலவரங்களும் நிறைந்த 2020-இல் சரிபார்ப்புகள் 3.9 கோடியைத் தாண்டின. அவ்வாண்டு முதன்முறையாக வாங்கியவர்களில் பெண்களும் கறுப்பினத்தவரும் ஆசிய வம்சாவளியினரும் கணிசமாக இருந்தனர்.

கொள்கையில் அடங்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2017-இல் லாஸ் வேகாஸில் 60 பேரைக் கொன்றவன், ரைபிளை இயந்திரத் துப்பாக்கிபோல் வேகமாகச் சுடவைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற இணைப்பைப் பயன்படுத்தினான். டிரம்ப் அரசு சட்டமன்றத்துக்குப் போகாமல் நிர்வாக விதி ஒன்றின் மூலமே அதைத் தடை செய்தது. ஆஸ்டின் நகரத் துப்பாக்கிக் கடைக்காரர் மைக்கேல் கார்கில், தம்மிடமிருந்த இரண்டு இணைப்புகளையும் அரசிடம் ஒப்படைத்துவிட்டு, இப்படி ஒரு விதி போட உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று வழக்குத் தொடுத்தார். 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.